பெயரிலேயே பாதம் கொண்டவர்



உங்கள் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறீர்கள் அல்லவா? பெரும்பாலும் அது அப்பாவின் பெயரின் முதல் எழுத்து. ஆங்கிலேயர்களின் வழக்கம் வேறு. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயரைத் தங்கள் பெயரின் கடைசியில் சேர்த்துக் கொள்வார்கள். இந்தப் பெயர்களில் பல 700, 800 ஆண்டுகளுக்கு முன்பு நிலைபெற்றவை. இரும்பு அடித்தவர் 'ஸ்மித்' ஆனார். ரொட்டி சுட்டவர் 'பேக்கர்' ஆனார். சிலருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது!

அப்படி வந்த ஓர் அபூர்வப் பெயர்தான் 'ஃபுட்'. சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள்! இது பாதத்தைக் குறிக்கும் சொல். பாதம் ஏதோ ஒருவகையில் வித்தியாசமாக இருந்த ஒருவரை ஊரார் இப்படி அழைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் பெயர் ஆராய்ச்சியாளர்கள். மலையின் கீழே குடியிருந்தவருக்கும் இந்தப் பெயர் வந்திருக்கலாம். தமிழிலும் பாதத்தை 'அடி' என்கிறோம். மலையின் கீழ்ப்பகுதியை 'அடிவாரம்' என்கிறோம். இரண்டு மொழிகளும் எப்படி ஒன்றுபோல யோசித்திருக்கின்றன, பாருங்கள்!

இந்தப் பெயரைக் கொண்ட ஒருவர் நம் ஊர்களில் ஓயாமல் சுற்றித் திரிந்து, ஏற்காட்டில் வந்து தங்கினார். அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட். உங்கள் வரலாற்றுப் பாடத்தில் 'பூட்' என்று அச்சிட்டிருப்பார்கள்.

1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858இல், தமது 24ஆவது வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். எந்த இடத்தில் என்ன பாறை, என்ன மண் இருக்கிறது என்று பார்த்து வரைபடம் தயாரிப்பது அவர் வேலை. அந்தக் காலத்தில் காரோ, பஸ்ஸோ கிடையாது. குதிரையிலும் நடந்தும் போக வேண்டும். கூடாரத்தில் தூங்க வேண்டும்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி. சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக் கல்லுக்காகத் தோண்டிய ஒரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கிடந்த ஒரு கல் அவர் கண்ணைக் கவர்ந்தது. குனிந்து எடுத்தார். தண்ணீரில் உருண்ட கல் வழவழப்பாக இருக்கும். இந்தக் கல்லிலோ சில்லு சில்லாகப் பெயர்த்து எடுத்த தடயங்கள் ஒழுங்காக இருந்தன. மனிதன் செதுக்கிய கருவி இது என்று அவருக்குப் புரிந்துவிட்டது!

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் உலகம் தோன்றியே 6,000 ஆண்டுகள்தான் ஆகின்றன என்று பலர் நம்பினார்கள். பிரான்ஸ் நாட்டில் கிடைத்த கல் கருவிகள் மிகமிகப் பழையவை என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை ஃபுட் அறிந்திருந்தார். அதனால்தான் மற்றவர்களுக்கு வெறும் கல்லாகத் தெரிந்தது, அவருக்கு வரலாறாகத் தெரிந்தது. அரசர்களுக்கும் எழுத்துக்கும் வெகுகாலம் முன்பே நம் மண்ணில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி சொன்னது.

அதே ஆண்டு செப்டம்பரில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அதிரம்பாக்கத்தில், வில்லியம் கிங் என்பவருடன் சேர்ந்து மேலும் பல கல் கருவிகளைக் கண்டுபிடித்தார். அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்!

ஃபுட்டின் மாமனாரும் சாதாரணமானவர் அல்லர். பீட்டர் பெர்சிவல் என்ற தமிழறிஞர் அவர். 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகமாக வெளியிட்டவர். மாமனார் பழமொழி சேர்த்தார். மருமகன் கல் சேர்த்தார்! பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார்.

ஃபுட் 1891இல் ஓய்வு பெற்றார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக நிலவியல் பணி செய்தார். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் வீடு அமைத்துக் கொண்டார். அந்த மலையிலும் புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். அவர் சேர்த்தவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவை எழும்பூரில் இருக்கின்றன.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் அவர் காலமானார். அவருடைய அஸ்தி ஏற்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று அவரை இன்று போற்றுகிறோம்.

செல்வங்களே! அடுத்த முறை ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனால், ஏரியில் படகு சவாரி செய்தபின் அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் விசித்திரமான கல்லோ, பானை ஓடோ கண்ணில் பட்டால், அதை எடுத்து வீசிவிடாதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். என்றோ ஊரார் வைத்த பட்டப்பெயரைப் பெருமைக்குரிய பெயராக மாற்றியவர், காலடியில் கிடந்ததைக் குனிந்து பார்த்தவர்தானே!