பட்டாணி எண்ணிய துறவி

மளிகைக் கடையில் காய்ந்த பட்டாணி பார்த்திருப்பீர்கள். ஒரு மூட்டையில் மஞ்சள், இன்னொன்றில் பச்சை. (சாயம் போட்டு விற்பதைச் சொல்லவில்லை!) இந்த நிறம் தாய்ச்செடியிலிருந்து பிள்ளைச்செடிக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள, 8 ஆண்டுகள் பட்டாணியை எண்ணிக்கொண்டிருந்தார் ஒருவர். அவர்தான் கிரிகோர் மெண்டல்.

இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஒரு கிராமத்தில், 1822-ம் ஆண்டு ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யோஹான். மரம் விழுந்து அப்பா படுகாயம் அடைய, படிக்கப் பணமில்லை. தங்கை தெரேசியா தன் கல்யாணச் சீதனத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அண்ணனைப் படிக்க வைத்தாள். பிற்காலத்தில் அவளுடைய மகன்களின் படிப்புக்கு மெண்டல் உதவினார்.

1843-ல் புர்னோ நகரின் மடத்தில் சேர்ந்து துறவியானார். கிரிகோர் என்ற பெயர் அங்கே கிடைத்தது. ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினார். இரண்டு முறை முயன்றும் தேறவில்லை!

மடத்துத் தோட்டத்தில் 1856-ல் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, பூவுக்குப் பை கட்டுவார். சுமார் 28 ஆயிரம் செடிகள்! மஞ்சள் பட்டாணிச் செடியையும் பச்சைப் பட்டாணிச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் மஞ்சள். பச்சை தொலைந்துவிட்டதா? இல்லை. அடுத்த தலைமுறையில் 6,022 மஞ்சள், 2,001 பச்சை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு 'காரணிகள்' ஒவ்வொரு செடியிலும் இருக்கின்றன. இரண்டுமே பச்சைக்கானதாக இருந்தால்தான் பச்சை வெளியே தெரியும் என்று கண்டுபிடித்தார். அந்தக் காரணியைத்தான் இன்று மரபணு என்கிறோம்.

1865-ல் இதை அறிஞர்கள் கூட்டத்தில் விளக்கினார். மறு ஆண்டு அச்சிலும் வந்தது. அதன் பெருமை யாருக்கும் புரியவில்லை. 1868-ல் மடத்தின் தலைவரானார். பிறகு, மடத்துக்கு அரசு போட்ட வரியை எதிர்த்துப் போராடுவதிலேயே காலம் போனது. 1884-ல் இறந்தார். 1900-ல் மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியாக அதே உண்மையைக் கண்டபோதுதான் உலகம் மெண்டலைத் தேடியது.

கதை இன்னும் இருக்கிறது. இலை பழுத்து மஞ்சளாவது ஏன் தெரியுமா? இலைக்கு வயதானதும் செடியே அதிலுள்ள பச்சையத்தை உடைத்து, சத்துகளை விதைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சையத்தை உடைக்க ஒரு மரபணு உதவுகிறது. வேல்ஸ் நாட்டில், வாடினாலும் பச்சை மாறாத ஒரு புல்லை ஆராய்ந்தவர்கள், அதில் இந்த மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். மெண்டலின் பச்சைப் பட்டாணியிலும் பழுதாகியிருந்தது அதே மரபணுதான் என்று 2007-ல் தெரிந்தது. பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைப் பிடுங்குவதுதான் அதன் வேலை என்று 2016-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பழுது உள்ள செடியில் விதை மட்டுமல்ல, வயதான இலையும் சீக்கிரம் மஞ்சளாகாது. மெண்டலின் தோட்டத்திலும் அந்த இலைகள் பச்சையாகவே நின்றிருக்க வேண்டும். மஞ்சளா பச்சையா என்று பார்க்க அவர் எண்ணியது விதைகளைத்தான்.