ரொனால்ட் ராஸ்: கொசுவை எண்ணிய கணிதர்

தமிழ்த்துறை மலரில் இயற்கணிதத்திற்கு என்ன இடம் என வினவுவார் இருக்கலாம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் மரபு. அக்கண்கள் இரண்டையும் ஒருங்கே பெற்றிருந்த ஒரு மருத்துவரின் வாழ்வை ஈண்டு எழுத முற்படுகின்றோம். பள்ளிப் பாடநூல்கள் அவரை மலேரியாவின் மருமத்தை அவிழ்த்தவர் என்னும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அவர் கவிதை யாத்தவர், புதினம் படைத்தவர் என்பதும், நோயின் வளர்ச்சியையும் தேய்வையும் சமன்பாடுகளில் அடக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் என்பதும் நம்மவர் பலர் அறியாதவை. இந்தப் பிற்பகுதியே நம் கட்டுரையின் உயிர்.

ரொனால்ட் ராஸ் 1857 மே 13ஆம் நாள் இமயச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்களின் கிளர்ச்சி வெடித்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. தந்தையார் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் உயர் அலுவலர். பத்து மக்களில் ராஸ் மூத்தவர். எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அவர் உள்ளம் நாடியவை ஓவியமும் பாட்டும். தந்தையார் விதித்ததோ மருத்துவம். வேண்டா வெறுப்பாகப் படித்துத் தேறி, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

படைவீரர் மருத்துவமனைகளில் பணி மிகுதியாக இல்லை. ஓய்வு நேரத்தில் கணித நூல்களை வாங்கித் தாமே கற்றார். ஆசிரியர் இல்லை, தேர்வும் இல்லை. மருத்துவத்தில் காட்டாத வேட்கையை அவர் கணிதத்தில் காட்டினார் என்றே சொல்லவேண்டும். 1883இல் பெங்களூரில் தங்கியிருந்தபோது அவர் அறையில் கொசுத்தொல்லை மிகுந்தது. சன்னலுக்கு வெளியே கிடந்த தொட்டி நீரில் புழுக்கள் நெளிவதைக் கண்டு அதனைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது. மற்றத் தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று படை அலுவலர் ஒருவரிடம் கூறியபோது, இயற்கையின் ஒழுங்கில் தலையிடலாகாது என்பதாக அவர் மறுத்துவிட்டாராம்! பின்னாளில் அரசுகளோடு ராஸ் நடத்திய வழக்கெல்லாம் இச்சிறு நிகழ்ச்சியிலேயே கருக்கொண்டது எனலாம்.

1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் மலேரியா நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டறிந்திருந்தார். அது மனிதனை எவ்வாறு வந்தடைகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. 1894இல் இலண்டனில் பாட்ரிக் மான்சன், அவ்வொட்டுண்ணியை நுண்ணோக்கியில் ராசுக்குக் காட்டி, கொசுவின்மேல் தமக்கிருந்த ஐயத்தையும் எடுத்துரைத்தார். மறு ஆண்டு ராஸ் செகந்தராபாத் வந்து தேடலைத் தொடங்கினார். ஈராண்டுகள் வீணாயின, அவர் அறுத்தாய்ந்தவை வேறு இனக் கொசுக்கள். விடுப்பில் உதகை சென்றபோது மலேரியா அவரையே பற்றியது.

1897 ஆகத்து 16ஆம் நாள், புள்ளிச் சிறகுடைய கொசுக்கள் பத்து, உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கவிடப்பட்டன. கொசு ஒன்றுக்கு ஓரணாவாக உசேன் கானுக்குப் பத்தணா கூலி. நான்கு நாள் கழித்து, 20ஆம் நாள், அக்கொசுக்களுள் ஒன்றன் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியின் கருநிறத் துகள்கள் தென்பட்டன. உலகக் கொசு நாள் என இன்று கொண்டாடப்படுவது அந்நாளே. அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவைகளின் மலேரியாவைக் கொண்டு, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும் அங்கிருந்து புதிய உயிருக்குள் புகுவதையும் மெய்ப்பித்தார். அப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் முகம்மது பக்ஸ். 1902இல் நோபல் பரிசு ராசைத் தேடி வந்தது. உசேன் கானும் முகம்மது பக்சும் வரலாற்று நூல்களின் ஓரங்களில் மட்டும் வாழ்கின்றனர். இத்தாலிய அறிஞர் கிராசியோடு முதன்மை பற்றி ராஸ் நடத்திய நீண்ட பூசலைப் படிக்கையில், புகழைப் பங்கிடத் தெரியாதவர் அவர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனிக் கணிதத்திற்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகூரை அடுத்த மியான் மீர் படைமுகாமில் கொசு ஒழிப்புச் சோதனை ஒன்று நடைபெற்றது. கொசு முற்றாக அழியவில்லை, ஆகவே இம்முறை பயனற்றது என்னும் முடிவுக்கு அதிகாரிகள் வந்தனர். ராஸ் கொதித்தெழுந்தார். கொசு முழுவதும் அழிந்தால்தான் நோய் அழியுமா? ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அதனைக் கொணர்ந்தாலே போதாதா? சொற்போரால் தீராத இவ்வினாவிற்கு எண்ணால்தான் விடை காண இயலும் என அவர் உணர்ந்தார்.

மொரீசியசுத் தீவின் மலேரியாவை ஆராய்ந்து 1908இல் வெளியிட்ட அறிக்கையில் அவர் கணக்கைத் தொடங்கினார். அதன் போக்கு எளிது. ஆயிரம் பேர் வாழும் சிற்றூர், நோயாளி ஒருவரே. ஊரில் 48,000 கொசுக்கள் எனக் கொள்வோம். அவற்றுள் நான்கில் ஒரு பங்கே மனிதரைக் கடிக்க வாய்ப்புப் பெறும்: 12,000. ஆயிரத்தில் ஒருவரே நோயாளியாதலின் அவரைக் கடிப்பவை 12. உள்ளே புகுந்த ஒட்டுண்ணி முதிரும்வரை பிழைத்திருப்பவை மூன்றில் ஒன்று: 4. அவற்றுள்ளும் மீண்டும் மனிதரைக் கடிப்பது நான்கில் ஒன்று: 1. இத்தனை கொசுக்கள் இருந்தும் புதிய நோயாளி ஒருவரே! பிற காரணிகளையும் சேர்த்து எண்ணி, தலைக்கு ஏறத்தாழ 40 கொசு என்பதை அவர் எல்லையாகக் கருதினார். அதற்கு மேற்பட்டால் நோய் ஊரில் நிலைபெறும். கீழ்ப்பட்டால், கொசு இருந்துகொண்டே இருப்பினும் நோய் தானே தேயும்.

எல்லைக்கு மேலும் கீழும் நிகழ்வது யாது? கணிதத்துறை நண்பர்கள் அடுக்குக்குறிச் சார்பு என்று கூறுவது இதனையே. ஓர் எடுத்துக்காட்டு அமைத்துக் கொள்வோம். நோயாளிகள் ஆயிரவர். ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைப்போல் 1.2 மடங்கானால் 1,200, 1,440, 1,728 என ஏறும். பத்தாம் மாதம் 6,192. இருபதாம் மாதம் 38,338. மடங்கு 0.8 ஆனால் 800, 640, 512 என இறங்கி, பத்தாம் மாதம் 107, இருபதாம் மாதம் 12. மடங்கு ஒன்றைவிடச் சற்றே மிகுதலும் சற்றே குறைதலும் முடிவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாகின்றன. ஒவ்வொரு முறையும் சமமான எண்ணைக் கூட்டிச் செல்லும் வளர்ச்சியன்று இது. கையிருப்பையே பெருக்கிச் செல்லும் வளர்ச்சி. சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு எனத் தானியத்தை இரட்டித்து வைக்கும் பழங்கணக்கை நாம் அறிவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிஞர் அல்பிரூனி அதன் கூட்டுத்தொகையைக் கணித்துக் காட்டினார். அது இருபது இலக்கங்களையுடைய எண்.

இறங்குமுகத்திற்கு மெய்ச்சான்றும் உண்டு. சூயசுக் கால்வாய்க் கரையில் உள்ள இசுமாயிலியா நகரில் மலேரியா கடுமையாக இருந்தது. 1902இல் ராஸ் அங்குச் சென்று வழிகாட்ட, தேங்குநீர் அகற்றப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 1,550 ஆக இருந்த நோயாளர் எண்ணிக்கை 1903இல் 214, 1904இல் 90, 1905இல் 37. முதலாண்டில் பெருவீழ்ச்சி. பின்னிரு ஆண்டுகளை வகுத்துப் பாருங்கள்: 214இல் 90 என்பது 0.42 மடங்கு, 90இல் 37 என்பது 0.41 மடங்கு. வீழ்ந்த எண்ணிக்கை முதலில் 124, பிறகு 53 எனக் குறைந்திருப்பினும் மடங்கு ஏறக்குறைய மாறவில்லை. கொசு ஒழிப்பு இரண்டாம் ஆண்டில் தளர்ந்துவிட்டது என்று 53ஐ மட்டும் பார்ப்பவர் கூறிவிடக்கூடும். மடங்கைப் பார்ப்பவர் அவ்வாறு ஏமாறார்.

ஏறுமுகம் முடிவின்றித் தொடருமா? தொடராது என்பதையும் ராசின் சமன்பாடுகளே காட்டின. நோயுற்றோர் பெருகப் பெருக, நோய் பற்றுதற்குரிய நலமுடையோர் அருகுவர். மடங்கு சிறுகச் சிறுகக் குறைந்து, தொடக்க நிலை எதுவாயினும் நோய் ஓர் அளவில் வந்து நிற்கும். அடுக்குக்குறி வளர்ச்சி தொடக்கத்தின் இயல்பேயன்றி முடிவின் இயல்பன்று. கொரோனாக் காலமாகிய 2020இல், தோல் பதனிடும் தொழிலகங்களெல்லாம் வாளாவிருந்த நாள்களில், இரட்டிப்புக் காலம் என்னும் சொல் நம் ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களிலும் வழங்கியது. மருத்துவக் கல்வி வளாகத்தைத் தன் மடியில் கொண்ட நம் பாகாயத்தில் அச்சொல் புதிதன்று. எனினும் மூன்று நாளில் இரட்டித்தது ஆண்டு முழுவதும் இரட்டிக்கும் எனக் கணக்கிட்டு அஞ்சியோரும் உண்டு. இன்று பத்துப்பேர்தானே என இகழ்ந்திருந்தோரும் உண்டு. ராசின் நூலைப் பயின்றோர் இவ்விரு பிழையும் செய்திரார்.

இக்கணக்குகளை விரித்து, மலேரியாத் தடுப்பு பற்றிய தம் பெருநூலில் 1911ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். 1915 முதல் 1917 வரை, பெண் கணித அறிஞர் ஹில்டா ஹட்சனோடு இணைந்தும் தனித்தும், எந்நோய்க்கும் பொருந்தும் பொதுச் சமன்பாடுகளை வகுத்தார். மருத்துவர்களுக்குக் கணிதம் புரியவில்லை. கணிதர்களுக்குக் கொசு புரியவில்லை. ஆதலின் அவர் வாழ்நாளில் அவற்றைக் கற்றோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் 1901இல் அவரோடு சியரா லியோன் சென்ற இளம் மருத்துவர் மெக்கெண்ட்ரிக். அவரும் கெர்மாக்கும் 1927இல் வெளியிட்ட கட்டுரை இன்றைய தொற்றுநோய்க் கணிதத்தின் அடித்தளமாக விளங்குகிறது.

பக்கவாதத்தால் தளர்ந்து, மனைவியையும் இழந்த ராஸ் 1932 செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் ஜார்ஜ் மெக்டொனால்டு என்பார் அவருடைய கணக்கைக் கையிலெடுத்து, ராஸ் விரிக்காது விட்ட ஓரிடத்தை விரித்தார். அது கொசுவின் ஆயுள். ஒட்டுண்ணி கொசுவினுள் முதிர ஏறத்தாழப் பத்து நாள் வேண்டும். நாள்தோறும் பத்தில் ஒன்பது கொசுக்கள் பிழைத்தால், ஆயிரத்தில் 349 கொசுக்கள் பத்து நாளைக் கடக்கும். பத்தில் எட்டு மட்டும் பிழைத்தால் 107 தான் கடக்கும். சுவரில் மருந்தடித்துக் கொசுவின் வாழ்நாளைச் சிறிது குறைப்பது, அதன் எண்ணிக்கையைக் குறைப்பதினும் எவ்வளவு வலியது என்பது அப்போது விளங்கிற்று. ஆயினும் ஆயுள் குறைப்பு ஒன்றே எல்லாக் கொசுவுக்கும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிசு நம் வீடுகளின் நன்னீர்க் குடத்திலும் பழைய டயரிலும் முட்டையிடுகிறது. அங்கே 1883இல் பெங்களூரில் கவிழ்க்கப்பட்ட அத்தொட்டியின் கணக்கே இன்றளவும் செல்லுபடியாகிறது.