கல்கி விட்டுச்சென்ற வினா

ஆடிப் பதினெட்டாம் நாள் மாலை. மாதாப்பூரில், துர்க்கம் செருவு ஏரிக்கரையில் நாங்கள் அறுவர் கூடியிருந்தோம். அறுவரும் தமிழ் மாணவர். படிப்புத் தேடித் தெலுங்கு நாட்டுக்கு வந்தவர்கள். காவிரி இல்லாத ஊரில் பதினெட்டாம் பெருக்கைக் கொண்டாட ஓர் ஏரியாவது வேண்டாமா? எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் பொட்டலத்தைப் பிரித்து முடிக்குமுன் வாதம் தொடங்கிவிட்டது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

நந்தினி என்றார் ஒருவர். இரவிதாசன் என்றார் மற்றொருவர். பெரிய பழுவேட்டரையரேதான், அவரே ஒப்புக்கொண்டாரே என்றார் மூன்றாமவர். கரிகாலன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்று சாதித்தார் நான்காமவர். நந்தினிக்கு மந்திர ஆற்றல் உண்டு, அவள் அருகில் வந்தாலே ஆடவர் அறிவு மயங்கிவிடும் என்றார் ஐந்தாமவர். ஏரியின்மேல் வடம் தாங்கு பாலத்தின் விளக்குகள் எரியத் தொடங்கிய பின்னும் வழக்கு முடியவில்லை. நான் மட்டும் ஒரு பக்கமும் சேராமல் இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்லுகிறேன்.

அன்றிரவு அறைக்குத் திரும்பியபின், கதையைவிடக் கதையை எழுதியவரைப் பற்றியே என் எண்ணம் ஓடிற்று. மறைந்து எழுபது ஆண்டு கழிந்த பின்னும் அயல்நாட்டு ஏரிக்கரையில் அறுவரைச் சண்டையிட வைக்கும் அந்த மனிதர் யார்? அவர் வாழ்வை நம் மன்ற மலரின் வாசகர்களுக்கு என்னால் இயன்ற அளவு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில், மாயூரத்துக்கு அருகில் உள்ள புத்தமங்கலத்தில் பிறந்தார். தந்தை இராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர். செல்வம் இல்லாத குடும்பம். தந்தையை இளமையிலேயே இழந்த அச்சிறுவன், மாயூரத்திலும் பிறகு திருச்சி நேஷனல் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். கற்று முடித்து ஓர் அலுவல் பெற்றால் குடும்பம் தலை நிமிரும். அந்நிலையில், 1921-இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு வந்தது. இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் கிருஷ்ணமூர்த்தி பள்ளியை விட்டு வெளியேறினார்!

நண்பர்களே, தேர்வு என்றால் நமக்கெல்லாம் என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் யாரேனும் பட்டம் பெறுவதற்கு ஒரு திங்கள் முன்பு அதை உதறிவிட்டு வீட்டுக்குக் கடிதம் எழுதுவோமா? நான் எழுதமாட்டேன். எழுதும் துணிவு எனக்கு இல்லை. அவருக்கு இருந்தது. 1922-இல் ஓராண்டுச் சிறைவாசம் அத்துணிவுக்குப் பரிசாகக் கிடைத்தது. பின்னர் 1930-இலும் 1941-இலும் மீண்டும் சிறை சென்றார்.

1923-இல் திரு.வி.க. நடத்திய நவசக்தியில் துணையாசிரியராகச் சேர்ந்தார். எளிய தமிழில், பேசுவதுபோல் எழுதும் கலை அங்கே அவருக்குக் கைவந்தது. பின்பு திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமம் சென்று, இராஜாஜியின் தலைமையில் மதுவிலக்குக்காக நடந்த விமோசனம் என்னும் இதழுக்கு உழைத்தார். 1931 முதல் பத்தாண்டுகள் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பு வகித்தார். இசை, நாட்டியம் பற்றிக் கர்நாடகம் என்ற புனைபெயரில் அவர் எழுதிய விமரிசனங்களைக் கண்டு வித்துவான்கள் அஞ்சினர், வாசகர்கள் மகிழ்ந்தனர். தமிழ் நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற தமிழிசை இயக்கத்துக்கும் அவர் பேனா துணை நின்றது.

அவருடைய புனைபெயரைப் பற்றியே ஊகங்கள் பல உண்டு. ஆசான் கல்யாணசுந்தரனார் பெயரின் முதலும் தம் பெயரின் முதலும் சேர்த்து அமைத்தார் என்பர் ஒரு சாரார். தீமையை அழிக்க வரும் அவதாரத்தின் பெயரை எடுத்துக்கொண்டார் என்பர் மற்றொரு சாரார். ஊகிக்க இடம் கொடுப்பது அவருக்குப் பிறவிக்குணம் போலும்!

1941-இல் விகடனை விட்டு விலகிச் சிறை சென்று மீண்டதும், நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து சொந்த இதழ் தொடங்கினார். பணம் வேண்டுமே! சதாசிவத்தின் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி என்ற திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பொருள் ஈட்டிக் கொடுத்தார். 1941 ஆகஸ்டு 1-ஆம் நாள் கல்கி முதல் இதழ் வெளிவந்தது. பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும் அதில் வாரந்தோறும் தொடர்ந்தன. பிறகு, 1950 அக்டோபர் 29-இல், வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்தான். பொன்னியின் செல்வன் பிறந்தது. 1954 மே வரையில், மூன்றரை ஆண்டுகள், தமிழ்நாடு வாரம் ஒரு முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அந்த வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். அதன் அருகில் உள்ள காட்டுமன்னார்கோயில் எங்கள் ஊர். என் பாட்டி வீட்டில், இதழ்களிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து ஊசி நூலால் தைத்துக் கட்டிய பொன்னியின் செல்வன் தொகுப்பு இருந்தது. மணியத்தின் ஓவியங்களுடன் நான்கு பாகங்கள் நலமாக இருந்தன. ஐந்தாம் பாகத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆகவே கரிகாலனைக் கொன்றவன் யார் என்ற விடை கரையான் வயிற்றில் போய்விட்டது என்றே பள்ளிப்பருவம் முழுவதும் நம்பியிருந்தேன். வீட்டில் கேட்டால், நீயே படித்துத் தெரிந்துகொள் என்று சொல்லிவிடுவார்கள். மாதாப்பூருக்கு வந்து, முதல் திங்களின் உதவித்தொகையில் ஐந்தாம் பாகத்தை வாங்கி ஓரிரவில் படித்து முடித்தேன். விடை அங்கேயும் இல்லை! அன்று எனக்கு வந்த சினம் கொஞ்சமன்று. ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்றே எண்ணினேன்.

பின்னர் மீண்டும் படித்தேன். ஆய்வுக்கூடத்துப் பழக்கத்தால், கதையில் மாயம் போலத் தோன்றுவன எவை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். கடம்பூர் மாளிகையில் தேவராளன் வெறியாட்டு ஆடி அரச குலத்துப் பலி கேட்கிறான். தெய்வம் பேசுகிறது என்று எல்லாரும் நடுங்குகின்றனர். பிறகு பார்த்தால் அவன் சதிகாரர் கூட்டத்தில் ஒருவன். நள்ளிரவில் சுந்தர சோழர்முன் இறந்த பெண்ணின் ஆவி தோன்றுகிறது. அது மந்தாகினியைப்போல் வேடமிட்டு, சுரங்கவழியே வந்த நந்தினி. குழந்தை அருள்மொழியை வெள்ளத்திலிருந்து எடுத்துக் காத்தவள் காவிரியம்மன் என்று நாடே நம்புகிறது. அவளோ பேச இயலாத ஒரு மானிடப் பெண். இரவிதாசன் மந்திரவாதியாகப் பழுவூர் அரண்மனைக்குள் நுழைகிறான். அவன் அறிந்த மந்திரமெல்லாம் ஆந்தைக் குரலும் இரகசிய வழியும்தான்.

இவ்வாறு ஒவ்வொரு மாயத்தையும் கட்டி, நம்மை அஞ்சவைத்து, பின்பு தாமே அவிழ்த்துக் காட்டுகிறார் கல்கி. வால்நட்சத்திரம் ஒன்றுதான் என் கணக்குக்கு அடங்காமல் நின்றது. இளவரசன் மடியும் இரவில் அது மறைகிறது. அதைத் தவிர்த்தால், பேய் என்பதும் தெய்வம் என்பதும் மனிதர் செயலே. நந்தினியின் மந்திர ஆற்றல் என்று என் நண்பர் சொன்னதும் அழகும் அறிவும் வஞ்சினமும் கூடிய ஆற்றலே அன்றி வேறில்லை.

இத்தனை முடிச்சுகளை அவிழ்த்தவர், கரிகாலன் கொலையை மட்டும் ஏன் அவிழ்க்கவில்லை? நந்தினியின் அறையில் விளக்கு அணைகிறது. இருளில் இளவரசன் வீழ்கிறான். பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. சாகுமுன் பெரிய பழுவேட்டரையர் அப்பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். அது உண்மையா, இளைஞனைக் காக்கச் செய்த தியாகமா? நந்தினியின் தந்தை வீரபாண்டியனா, சுந்தர சோழரா? இவற்றில் கல்கி நம்மை இருளிலேயே நிறுத்திவிட்டுப் போகிறார்.

காரணத்தை நான் கண்டது கதையில் அன்று; எங்கள் ஊர்க் கோயில் சுவரில். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை அது குறிப்பிடுகிறது. அவர்களையும் உறவினரையும் சேர்ந்த சொத்துகளைப் பறிமுதல் செய்வது பற்றியே அது பேசுகிறது. அவர்கள் ஏன் கொன்றனர், யாருக்காகக் கொன்றனர் என்று அது கூறவில்லை. உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று ஐயுற்றார் நீலகண்ட சாஸ்திரியார். அக்கருத்தை மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். இவ்விரு பேரறிஞர்களின் நூல்களையும் கற்றே கல்கி எழுதினார். அறிஞர் இருவர் முரண்பட்ட இடத்தில், சான்று நின்றுபோன இடத்தில், அவரும் நின்றார்.

சிறுவயதில் அக்கோயிலில் ஓடி விளையாடியிருக்கிறேன். சுவரில் கை வைத்து எண்ணிக் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறேன். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதை அறிய நான் மாதாப்பூருக்கு வரவேண்டியிருந்தது! இதை எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது. இன்று சிலர் அக்கல்வெட்டின் பெயர்களை எடுத்துக்கொண்டு, கல் சொல்லாதவற்றையெல்லாம் சொல்லி, சாதிப் பூசல் வளர்க்கின்றனர். கல் தருவது பெயரையும் தண்டனையையும் மட்டுமே. மீதியை நாமாக எழுதிவிட்டு, கல் சொன்னது என்று கூறுவது நேர்மை ஆகாது. கதை எழுதிய கல்கிக்கு எதையும் கற்பனை செய்ய உரிமை இருந்தது. அவரே அடக்கம் காட்டிய இடத்தில் நாம் துள்ளலாமா?

கல்கி குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. பிறமொழிக் கதைகளைத் தழுவிவிட்டு அதைச் சொல்லாமல் விட்டார் என்று மணிக்கொடி எழுத்தாளர்கள் அவரைக் கடிந்தனர். வாரந்தோறும் எழுதியதால் வளர்த்தல் மிகுதி என்ற குறையும் உண்டு. பொன்னியின் செல்வன் முடிந்தபோது, இது சட்டென்று முடிந்துவிட்டது என்று வாசகர் பலர் மனக்குறைப்பட்டனர். அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் எங்கே போயிற்று என்று கேட்டனர். கல்கி சினக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, வினாக்களை எடுத்துக்கொண்டு விடை தந்தார். ஆயினும் கொலை பற்றிய ஐயம் ஐயமாகவே நின்றது.

அம் முடிவுரைக்குப் பின் அவருக்குக் கிடைத்த காலம் சில திங்களே. 1954 டிசம்பர் 5-ஆம் நாள், தம் 55-ஆம் வயதில், காசநோயால் மறைந்தார். எழுதிக்கொண்டிருந்த அமரதாராவை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக்கொண்டு மகள் ஆனந்தி நிறைவு செய்தார். அலை ஓசைக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு 1956-இல் கிடைத்தபோது அதைப் பெற அவர் இல்லை. பொன்னியின் செல்வன் 2022-இலும் 2023-இலும் இரு திரைப்படங்களாக வந்தது. அவற்றின் சில பகுதிகள் நம் ஐதராபாத்தின் இராமோஜி திரைப்பட நகரில் எடுக்கப்பட்டன. படம் பார்த்து வந்தவர்களும் முதலில் கேட்டது அதே வினாதான்.

ஏரிக்கரையில் நான் ஏன் ஒரு பக்கமும் சேரவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். அண்மையில் என் ஆய்வுக் குறிப்பேட்டில் ஓர் அளவு மும்முறை முயன்றும் கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவே ஒன்றை எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது. பேனாவை எடுத்தும் விட்டேன். அப்போது ஐந்தாம் பாகம் நினைவுக்கு வந்தது. அவ்விடத்தை வெறுமையாகவே விட்டேன். வழிகாட்டும் பேராசிரியர் கேட்டபோது கிடைக்கவில்லை என்றே சொன்னேன்.

நண்பர்களே! வாதிடுங்கள். அடுத்த ஆடிப் பெருக்கிலும் அதே கரையில் கூடி வாதிடுவோம். ஊகம் மனத்துக்கு இன்பம். அதை யாரும் நமக்கு மறுக்கவில்லை. ஆனால் ஊகம் எது, சான்று எது என்று பிரித்து அறிந்து வாதிடுவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நும் ஊர்க் கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தேர்வைத் துறந்து சிறை புகுந்து, நோயோடு எழுதி மறைந்த அப் பெருமகனுக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.