செவியே விழியாக

குழலிசை வல்லுநராகிய சரப சாஸ்திரியார் 1872ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் பிறந்தார். இளமையிலேயே கண்ணொளி இழந்த அவர், செவியையே விழியாகக் கொண்டு இசை பயின்றார். புல்லாங்குழல் கச்சேரி மேடையில் முதன்மையாக ஒலிக்க வழிவகுத்தார்.

குழலை ஏட்டைக் கொண்டு மட்டும் கற்றல் அரிது. உதட்டின் அமைப்பும், மூச்சின் அளவும், விரலின் நீளமும் ஒருவர்க்கு இருப்பன போல் மற்றொருவர்க்கு அமைவதில்லை. ஆதலின் ஆசிரியர் மாணாக்கரைத் தனித்தனியே அருகிருத்தி, அவரவர் குறையறிந்து திருத்துதல் வேண்டும். மாணாக்கரின் விரல்களைக் காண இயலாத சாஸ்திரியாருக்கோ, அவர்தம் குழலின் ஒலியே குறையும் நிறையும் உணர்த்திற்று.

1904ஆம் ஆண்டில், முதுமை காணாமலே அவர் மறைந்தார். ஆயினும் அவரிடம் பயின்ற பல்லடம் சஞ்சீவ ராவ் குழலிசையில் பெரும்புகழ் எய்தி, 1962ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். ஆசிரியர் வாழ்நாள் குறுகினும், அவர் கலை மாணாக்கர் மூச்சில் நெடிது நின்றது.