எண்ணத்தின் குருதியைத் தேடிய மொஸ்ஸோ

இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் 1846-இல் ஏழைத் தச்சரொருவரின் மகனாய்த் தோன்றிய ஆஞ்செலோ மொஸ்ஸோ, உடலியற் பேராசிரியராய் உயர்ந்தவர். மண்டையோடு உடைபட்ட பெர்த்தினோ என்னும் குடியானவனது மூளைத் துடிப்பை அவர் கருவிகொண்டு வரைந்தார். நண்பகல் மணி ஒலித்தபொழுதும், 8-ஐ 12-ஆல் பெருக்கப் பணித்தபொழுதும் அத்துடிப்பு மிகுந்தது. கையின் நாடியோ மாறிற்றில்லை.

ஊறுபடாத மண்டையினுள் இதனைக் காண்பதெங்ஙனம்? ஆளையே கிடத்தி நிறுக்கும் தராசொன்றை 1880-களில் அமைத்தார். சிந்திக்குங்கால் தலைப்புறம் தாழுமென்பது அவர் கருத்து. மூச்சினாலும் தராசு ஆடுமாதலின், அச்சோதனையை யாம் முற்றும் நம்புதற்கில்லை. வினாவோ மிகச் சிறந்தது. விடை காணாது 1910-இல் அவர் மறைந்தார். உயிர்வளி நீங்கிய குருதி காந்தப்புலத்தைச் சிறிதே திரிப்பதைக் கொண்டு, 1990-இல் செய்ஜி ஒகாவா முதலியோர் எலியின் மூளையை அதிர்வுப் படமாக்கினர். 1992-இல் மண்டை திறவாமலே மனிதரிடத்தும் அது கைகூடிற்று.