ஒரு புட்டி மருந்தும் ஓர் அபாண்டமும்

திருவாலங்காடாகட்டும், அரக்கோணமாகட்டும், இன்று ஆஸ்பத்திரிக்குச் சென்றால் நர்ஸம்மா நம் கண்ணெதிரே உறையைக் கிழித்துப் புது ஊசியை எடுக்கிறார். ஒருவருக்குப் போட்டதும் அதை எறிந்து விடுகிறார். இச்சிறு காரியத்தின் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ண வைக்கும் ஒரு மேதையின் வாழ்வைச் சற்றுக் காண்போம்.

வால்டெமர் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர், உயிரியல் கற்றவர். பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டார். 1892இல் அதை முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக் கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்து, ஊர் ஊராகச் சென்று ஜனங்களுக்கு ஊசி போட்டார்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அங்கே அழைக்கப்பட்ட அவர், இரவு பகலாக உழைத்து அதற்கும் மருந்து தயாரித்தார். 1897 ஜனவரி 10ஆம் தேதி, இம்முறையும் தம் உடம்பிலேயே முதல் சோதனை. ஊசி என்றாலே மக்கள் அஞ்சிய காலம் அது. அப்போது இருபது வயதே நிரம்பிய ஆகாகான் சுல்தான் முஹம்மது ஷா, பலரும் காணத் தாமே ஊசி போட்டுக் கொண்டார்; ஆராய்ச்சிக்குத் தமது மாளிகையொன்றையும் தந்தார். அவரைப் பார்த்து அவருடைய கோஜா சமூகத்தார் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். பெரியவர்கள் செய்து காட்டினால் மக்கள் பின்தொடர்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்நிலையில்தான் அந்தச் சோதனை வந்தது. 1902 அக்டோபர் 30ஆம் தேதி, பஞ்சாபில் முல்கோவால் என்னும் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் சில நாட்களில் ரணஜன்னி கண்டு மாண்டனர். அந்தப் 19 பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. மற்றப் புட்டிகளால் எவருக்கும் தீங்கில்லை.

பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுச் சூட்டினால் சுத்தம் செய்ததே குற்றம் என்றனர். பதவி பறிபோயிற்று. 1904இல் அவர் இங்கிலாந்து சென்றார்.

ஆனால் விசாரணைச் சாட்சியத்திலேயே உண்மை இருந்தது. புட்டியின் தக்கையை எடுக்கும் இடுக்கியை உதவியாளர் தரையில் தவற விட்டிருக்கிறார். அதைக் கார்பாலிக் நீரில் சற்றே அலசிவிட்டு, அதனாலேயே புட்டியைத் திறந்திருக்கிறார். ரணஜன்னிக் கிருமியோ மண்ணில் உறங்கிக் கிடப்பது. அதன் வித்து அவசர அலசலுக்குச் சாகாது; அழுத்தம் மிகுந்த நீராவியில் போதிய நேரம் வைத்தால்தான் சாகும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது வேறு, உண்மையில் சுத்தமாக இருப்பது வேறு. மேலும், கிருமி முன்பே புட்டியில் இருந்திருந்தால் மருந்து கெட்டு நாற்றமடித்திருக்கும். திறந்தபோது அப்படி ஏதுமில்லை.

1907 ஜூலையில் ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவர் நிரபராதி என்று எழுதினர். அவ்வாண்டு நவம்பரில் பழி நீங்கியது. கல்கத்தாவில் மீண்டும் வேலை கிடைத்தது. பறிபோன ஐந்தாண்டுகள் கிடைக்கவில்லை. 1925இல் பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் காலமானார்.

வாசக அன்பர்களே! இவ்வாழ்வில் நமக்குப் படிப்பினைகள் இரண்டு. தீர விசாரியாமல் ஒருவர் மீது பழி சுமத்தலாகாது என்பது ஒன்று. சிகிச்சை செய்யும் இடத்தில் சிறு அலட்சியமும் உயிரைக் குடிக்கும் என்பது மற்றொன்று. நோயாளியை நலம் விசாரிப்பது நன்மையான காரியம். ஆனால் போகும்போதும் வரும்போதும் சோப்பால் கைகளை நன்கு கழுவுங்கள். காயக் கட்டையும் ஊசிக் குழாயையும் தொடாதீர்கள். காய்ச்சல், இருமல் இருந்தால் வீட்டிலிருந்தே துஆச் செய்யுங்கள். ஊசியோ கருவியோ கீழே விழுந்ததைக் கண்டால், வெட்கப்படாமல் வேறொன்று கேளுங்கள். முல்கோவாலில் அன்று ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால், அந்தப் 19 பேரும் பிழைத்திருப்பார்கள்.