ரத்தத்தை அளக்கச் சொல்லித் தந்த சுப்பாராவ்



மேலுக்குச் சொகமில்லைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு டாக்டர் சீட்டு எழுதறாரு. மருந்து சாப்பிட்ட பிறகும் மறுபடி ஒரு டெஸ்ட். எதுக்குங்க இது? ரத்தத்தில் இருக்கும் சத்துக்களும் ஹார்மோன்களும் கூடுவதையும் குறைவதையும் வைத்தே நோய் ஏறுதா, இறங்குதான்னு தெரிஞ்சுக்கலாம். இந்த அளவைக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமையான குடும்பம். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டார். மூன்றாவது தடவை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகள் சொல்லைக் கேட்டுக் கதர் உடுத்தினார். அது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார்.

அந்தக் காலத்தில்தான் பெரிய இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் பலியானார்கள். இந்த நோயில் குடல் சத்தை உறிஞ்சாது. வயிற்றுப்போக்கு நிற்காது, ரத்தம் குன்றிப் போகும். உடம்பில் எந்தச் சத்து குறைந்தது என்று அளந்து பார்க்க அன்றைக்கு வழியே இல்லை. அவரையும் அதே நோய் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

1922-ல் மாமனார் தந்த உதவியோடு அமெரிக்கா போனார். ஹார்வர்டில் அவர் முதலில் வாங்கியது வெப்ப மண்டல மருத்துவத்தில் ஒரு டிப்ளமோ. ஆமாங்க, நம்மள மாதிரி டிப்ளமோதான்! வயிற்றுப் பாட்டுக்கு ராத்திரியில் ஆஸ்பத்திரியில் மலஜலம் அள்ளும் வேலை பார்த்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். நம்ம தாராபுரம் பக்கம் வயலுக்குப் போடும் சூப்பர் பாஸ்பேட்டில் இருக்கும் அதே பாஸ்பரஸ்தான். ரத்தத்தில் இருந்து புரதத்தை நீக்கி, மாலிப்டேட்டும் இன்னொரு ரசாயனமும் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸும் அவ்வளவு அதிகம். இன்றைக்கும் உயிர்வேதியியல் செய்முறையில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று படிக்கிறார்கள்.

இந்த அளவால் என்ன லாபம்? பெரியவர்களுக்கு 100 மில்லி ரத்த சீரத்தில் பாஸ்பரஸ் சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன், மிச்சமான பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடும். சிறுநீரகம் கெட்டுப் போனால் பாஸ்பேட் தேங்கும், அந்த ஹார்மோனும் ஏறும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போட்டால், சர்க்கரையோடு பாஸ்பேட்டும் செல்லுக்குள் நுழைந்து ரத்தத்தில் குறையும். ஆக, நோய்க்கு ஒரு கணக்கு, மருந்துக்கு ஒரு கணக்கு!

அதே ஆய்வு வழியில் தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டினை 1927-லும், ஏ.டி.பி.யை 1929-லும் இருவரும் அறிவித்தார்கள். 1940-ல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் இருந்த குழு 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே புது சிவப்பணுக்கள் ரத்தத்தில் பெருகின. நோயாளி தெம்பாக எழுந்து நடக்கும் முன்பே ரத்தம் அந்தச் சேதியைச் சொல்லிவிட்டது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்தது, ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் பிந்தி!

போலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினையும் அவர் குழு தயாரித்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. பிறகு திரும்பவும் வந்தது என்பதும் உண்மை. ஆனாலும் மருந்தால் இந்த நோயை இறக்க முடியும் என்று 1948-ல் உலகம் கண்டது. அதன் உறவான மெத்தோட்ரெக்சேட்டை இன்று மூட்டுவாதத்துக்கும் தருகிறார்கள். சாப்பிடுபவர்கள் ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கவிளைவு குறையப் போலிக் அமிலமும் தருவார்கள். இரண்டுமே அவர் ஆய்வகத்துச் சொத்து! யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அங்கிருந்து வந்ததுதான்.

1948 ஆகஸ்டில், 53-ம் வயதில், நியூயார்க்கில் காலமானார். தாயகம் திரும்பவே இல்லை. 1995-ல் இந்திய அரசு அவர் நூற்றாண்டுக்குத் தபால்தலை வெளியிட்டது. கர்ப்பிணிகள் வாங்கும் இரும்புச்சத்து மாத்திரையில் போலிக் அமிலம் இருக்கிறது. அதில் அவர் உழைப்பு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்க வீட்டில் ஹால் டிக்கெட்டைக் கையில் வாங்கின முதல் ஆள் நான்தான். அரியர் விழுந்தா ஊர் என்ன சொல்லும்ங்கற பயம் என்னை மாதிரி பலருக்கும் இருக்கு. சுப்பாராவுக்கும் ரெண்டு தடவை பெயில்னு எழுதினாங்க. ஒரு நாள் எடுத்த டெஸ்டை வச்சு நோயாளி அவ்வளவுதான்னு எந்த டாக்டரும் சொல்றதில்லை. மருந்து கொடுத்து மறுபடி அளப்பார். மார்க் ஷீட்டும் அப்படித்தான் நண்பர்களே. உழைப்புங்கற மருந்தைச் சாப்பிடுவோம், அடுத்த டெஸ்டில் பார்ப்போம்!